யாகூமா ஆற்றங்கரையின் மொவிமா மக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொலிவியா என்றதும் நம்மில் பலருக்கு ஆண்டிஸ் மலையும் டிட்டிகாகா ஏரியும் நினைவுக்கு வரும். சே குவேரா கொல்லப்பட்ட நாடு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் மலையே கிடையாது. வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடப்பது தாழ்நிலம். அதில் பேனி என்றொரு மாநிலம். அங்கே மமோரே என்ற பேராறு ஓடுகிறது. அதில் வந்து கலக்கும் யாகூமா ஆற்றின் கரையில் சாந்தா அனா என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் வாழும் மொவிமா மக்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர்களுடைய மொழிக்கும் மொவிமா என்றே பெயர். உலகின் வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஐரோப்பாவின் பாஸ்க் மொழியும் இப்படிப்பட்டதுதான். இதைச் சொன்னதுமே கேட்பவர் மனத்தில் ஒரு சித்திரம் எழும்: நடுக்காட்டில், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வாழ்ந்த ஒரு கூட்டம், ஒதுங்கியதால் மொழி தப்பிப் பிழைத்தது! மொவிமாவைப் பொறுத்தவரை இந்தச் சித்திரம் பொருந்தவே பொருந்தாது.

முதலில் நிலத்தைப் பாருங்கள். மொவிமாக்கள் வாழும் மோஹோஸ் சமவெளி பெரும்பாலும் புல்வெளி. மழைக்காலத்தில் ஆறுகள் கரைமீறி, மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். மழையில்லாத மாதங்களில் அதே மண் வறண்டு கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் யார் பயிர் செய்வார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் டெனவன் என்ற அமெரிக்கப் புவியியலாளர், வெள்ளத்துக்கு மேலே பயிர் நிற்கும்படி மண்ணை உயர்த்திப் போட்ட பழைய மேட்டுப் பாத்திகளை ஆராய்ந்தார். மமோரேவுக்கு மேற்கே, இன்று மொவிமாக்கள் இருக்கும் பகுதியிலும் அவை ஏராளம். ஊருக்கு ஊர் போக மண்பாதைகளும் போட்டிருந்தார்கள். 2000இல் கிளார்க் எரிக்சன் என்ற தொல்லியலாளர், வடகிழக்கே பாவுரேஸ் பகுதியில், வெள்ளம் வடியும்போது மீனைத் தடுத்துப் பிடிக்கப் பழங்காலத்தில் கட்டிய மண் அணைகளை விவரித்தார். 2020இல் வந்த ஓர் ஆய்வோ, மரவள்ளியும் பூசணி இனமும் இங்கே 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே பயிராகின என்று காட்டியது. எந்த மேட்டை எந்த மொழிக்காரர் கட்டினார் என்பதை மண் சொல்லாது, அது வேறு. ஆனால் பாதை போட்டவர்கள் அக்கம்பக்கத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இருந்திருப்பார்களா?

அந்த அக்கம்பக்கம்தான் வியப்பு. மொவிமாவுக்கு வடக்கே காயுபாபா, கிழக்கே கானிச்சானா, அதற்கும் அப்பால் இதோனாமா. மூன்றுமே மொவிமாவைப் போல உறவு தெரியாத மொழிகள், ஒன்றுக்கொன்றும் உறவில்லை. தெற்கே மோஹேனியோ, கிழக்கே பாவுரே. இவை அரவாக் என்ற மொழிக் குடும்பம். சிரியோனோ துப்பி குடும்பம். மேற்கே, மனிக்கி ஆற்றங்கரையில் சிமானே. குவாப்போரே, மமோரே என்ற இரண்டு ஆறுகளையும் சுற்றிய பகுதியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளை மொழியியலார் எண்ணியிருக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைப் பாதிரியார்கள் வந்தார்கள். 1682இல் லொரேட்டோ, 1686இல் திரினிதாத் என்று மக்களைத் திரட்டி ஊர்களை அமைத்தார்கள். மொவிமாக்கள் எளிதில் மசியவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாதிரியாரைக் கொன்றும் விட்டார்கள். இருந்தாலும் சாந்தா அனா அவர்களுக்கான ஊராக அமைந்தது. காயுபாபாவுக்கு எக்ஸால்தாசியோன், கானிச்சானாவுக்கு சான் பெத்ரோ, இதோனாமாவுக்கு மக்தலேனா. 1767இல் சபையை வெளியேற்றிய பிறகும் இந்த அமைப்பு கலையவில்லை. 1832இல் அங்கே பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பிஞ்ஞி, ஊருக்கொரு மொழி வழங்குவதைப் பதிவு செய்தார். பாதிரியார்கள் மக்களை நோயிலும் கட்டாய உழைப்பிலும் தள்ளியவர்கள்தாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அமைத்த ஊரே பிறகு மொழிக்கு இருப்பிடமாகவும் ஆனது. வரலாற்றில் இப்படிக் கோணலாகவும் நடக்கும்.

இப்போது மொழிக்குள் போவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2006இல் காத்தரினா ஹௌடே என்ற ஜெர்மானிய மொழியியலாளர் மொவிமாவின் விரிவான இலக்கணத்தை எழுதினார். அதில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே ஒரு சிறுசொல் வரும். ஆணா, பெண்ணா, மனிதரல்லாததா, பலவா என்று அது காட்டும். அதோடு நிற்காது. பேசப்படுவது கண்முன் இருந்தால் ஒரு வடிவம். வேறெங்கோ இருந்தால் இன்னொரு வடிவம். இப்போது இல்லாமலே போய்விட்டால் மூன்றாவது வடிவம். வீட்டு வாசலில் நிற்கும் மாடு, மேய்ச்சலுக்குப் போன மாடு, செத்துப்போன மாடு: மூன்றுக்கும் முன்னே வரும் சொல் வேறு. வினைச்சொல்லில் காலம் காட்டும் உருபு கட்டாயமில்லை. இந்தச் சிறுசொல்லைக் கொண்டே நடந்ததா, நடக்கிறதா என்று கேட்பவர் பல நேரம் புரிந்துகொள்கிறார்.

இன்னொன்று. 'அந்தப் பெண் நாயைப் பார்த்தாள்', 'நாய் அந்தப் பெண்ணைப் பார்த்தது'. தமிழில் 'ஐ' உருபு இடம் மாறினால் போதும். மொவிமாவில் இரண்டு வாக்கியத்திலும் வினையை ஒட்டி நிற்கும் உரிமை பெண்ணுக்கே. மனிதருக்கு விலங்கைவிட முதலிடம். யார் யாரைப் பார்த்தார் என்பதை வினைக்குள் வரும் உருபு சொல்லிவிடும். இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இவ்வளவு நுட்பமான மொழியை இன்று பேசுவோர் எத்தனை பேர்? ஹௌடேயின் ஆய்வுக் காலத்திலேயே 1,500க்கும் குறைவு. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். தம்மை மொவிமா என்று சொல்லிக்கொள்வோர் அதைப்போலப் பல மடங்கு. அண்டை மொழிகளின் கதி இன்னும் மோசம். கானிச்சானா பேச்சிலிருந்து போய்விட்டது. காயுபாபாவும் இதோனாமாவும் விரல்விட்டு எண்ணும் முதியவர்களிடம்தான் எஞ்சியிருந்தன.

பக்கத்து மொழிகளோடு பழகியதால் இது நேரவில்லை. ஆயிரம் ஆண்டுகள் பழகியும் அவை சாகவில்லையே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரப்பர் வணிகம் ஆட்களை வடக்கே வாரிக்கொண்டு போனது. மேய்ச்சல் நிலம் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் கைக்குப் போக, மொவிமாக்கள் தம் மண்ணிலேயே கூலியாளானார்கள். 1955இல் வந்த கல்விச் சட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியைப் புகட்டுவதையே குறியாகக் கொண்டது. பண்ணை முதலாளி பேசுவதும், பள்ளியில் கேட்பதும் ஒரே மொழி என்றால் பெற்றோர் என்ன செய்வார்கள்? வீட்டிலும் அதையே பேசத் தொடங்கினார்கள்.

என் வாதத்துக்கு எதிராக ஒருவர் சிமானேக்களைக் காட்டலாம். அவர்கள் பாதிரியார்களின் ஊர்களில் நிலைத்து அடங்காதவர்கள். இன்றும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மொழியைப் பேசுகிறார்கள், குழந்தைகள் உட்பட. அப்படியானால் ஒதுங்கினால் பிழைக்கலாம் என்றுதானே ஆகிறது? பாதி உண்மை. ஆனால் அவர்களும் சான் போர்ஹா சந்தைக்குக் கூரை வேயும் ஓலை கொண்டுவந்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்பானியர் முகமே பாராதவர்கள் அல்லர். பெரும்பகுதி காடும் ஆறும் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நிலம்தான் 1990இல் எல்லாரையும் ஒன்றுசேர்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திரினிதாத்திலிருந்து பேனியின் பழங்குடி மக்கள் அரசு இயங்கும் லா பாஸ் நகரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வெள்ளச் சமவெளியில் பிறந்தவர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பனிக்குளிர் அடிக்கும் மலைக்கணவாயைக் கடந்து செப்டம்பர் 17 அன்று போய்ச் சேர்ந்தார்கள். 'நிலத்துக்கும் மானத்துக்குமான நடைப்பயணம்' என்று அதற்குப் பெயர். அதன் பயனாக அரசு சில பகுதிகளைப் பழங்குடி நிலமாக ஏற்றது. அவற்றுள் ஒன்றில் மோஹேனியோ, சிமானே, யுராகாரே, மொவிமா ஆகிய எல்லாரும் கூட்டு உரிமையாளர்கள்.

2009இல் வந்த பொலிவிய அரசமைப்புச் சட்டம், ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழியாக ஏற்றது. மொவிமா அதில் உண்டு. பேச ஆளில்லாத கானிச்சானாவும் உண்டு! சட்டம் பிள்ளைக்குப் பேச்சுக் கற்றுத் தராது என்று கேலி செய்வது எளிது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் மொவிமா சொல்லித் தர வேண்டும் என்று கேட்கப் போகிறவருக்கு அந்தச் சட்டம் கையில் இருக்கிறது. 1955இல் அது இல்லை. ஹௌடேயும் மொவிமா முதியவர்களும் சேர்ந்து பதிவு செய்த கதைகளும் உரையாடல்களும் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கண்முன் இருப்பதற்கும் இல்லாமல் போனதற்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கும் அந்த இலக்கணத்தைப் பேச்சாகக் கேட்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது தாத்தா பாட்டி குரலே பாடம்.

நன்றி, வணக்கம்.