மூணு வருஷமா, நாலு வருஷமா? நர்சிங் படிப்பு பற்றி ஒரு தாயின் கேள்வி

வணக்கம். போன வாரம் படுக்கைப் புண் பற்றிப் பேசியதற்கு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். காற்று மெத்தை பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் பதில் சொல்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நாலு நாளாக அது என்னை விடவில்லை.

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "அம்மா, என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் பாஸ் பண்ணிவிட்டாள். நர்சுக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். டிப்ளமோ மூணு வருஷம், டிகிரி நாலு வருஷம் என்கிறார்கள். ரெண்டு பேரும் போடப்போவது அதே ஊசிதானே? அந்த ஒரு வருஷம் எதற்கு? பக்கத்தில் ஒரு காலேஜ் இருக்கிறது. கட்டிடம் நல்லாப் பெரிசு. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்."

முதலில் கேட்டதற்குப் பதில். டிப்ளமோ என்பது ஜி.என்.எம்., பொது நர்சிங்கும் பிரசவம் பார்ப்பதும் சேர்ந்த மூணு வருஷப் படிப்பு. டிகிரி என்பது பி.எஸ்சி நர்சிங், நாலு வருஷம், எட்டு செமஸ்டர். எதைப் படித்து முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் கைக்கு வந்தால்தான் உங்கள் மகள் பதிவுபெற்ற செவிலியர். வார்டில் டிப்ளமோக்காரருக்கும் டிகிரிக்காரருக்கும் ஒரே வேலை, ஒரே பொறுப்பு. நான் வேலை கற்றுக்கொண்ட சீனியர்களில் பாதிப் பேர் டிப்ளமோ படித்தவர்கள். அவர்களை ஒரு படி கீழே வைத்துப் பேச என் நாக்கு வராது.

ஆனால் கதவுகள் வேறு. மத்திய அரசின் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலைக்கான தேர்வுக்கு டிகிரிக்காரப் பிள்ளை பதிவு முடிந்ததுமே விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி படிக்கவும் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கவும் டிகிரி வேண்டும். டிப்ளமோ முடித்த பிள்ளை பின்னால் 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்து அதே இடத்துக்கு வரலாம். கூட்டிப் பாருங்கள், மூணும் ரெண்டும் அஞ்சு. மார்க் இருந்து, வீட்டில் தாங்க முடியுமென்றால் நேரே நாலு வருஷமே படிக்கட்டும்.

டிகிரியில் சேரும் முறையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். சேர்கிற வருஷம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கலந்தாய்வில் போகின்றன. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிட்டு அப்புறம் தனியாரிடம் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

சரி. இப்போது என்னை விடாத அந்த வரிக்கு வருகிறேன். "அதே ஊசிதானே?"

இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் டில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. இத்தனை வருஷம் ஆகியும் ஊசி போட எதற்கு டிகிரி என்கிற கேள்வி போகவில்லை. ஊசி போட ஒரு வாரத்தில் பழகிவிடலாம் தாயே. எப்போது போடக் கூடாது என்று தெரியத்தான் வருஷக்கணக்காகிறது. இதை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னொரு முறை சொல்கிறேன்: நர்சுக்கு முதலில் பழக வேண்டியது கண். கை அதற்கப்புறம்.

நான் மாணவியாக வார்டுக்குப் போன முதல் வாரம். வார்டு சிஸ்டர் என்னை ஒரு கட்டில் பக்கத்தில் நிறுத்தி, "பத்து நிமிஷம் பார், பார்த்ததை எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயதான ஒருவர், கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் "நோயாளி தூங்குகிறார்" என்று ஒரே வரி எழுதினேன். சிஸ்டர் வந்து வாசித்தார். ஒன்றும் திட்டவில்லை. போர்வையைக் கால் பக்கம் லேசாக விலக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அந்தக் குழி அப்படியே நின்றது. நீர் கோத்த கால். தலைமாட்டைக் காட்டினார், மூன்று தலையணை. "படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தபடி கிடக்கிறார். உதட்டைப் பார், நீலம் பாய்ந்திருக்கிறது. இவர் எங்கே தூங்குகிறார்?" என்றார். அன்றைக்கு அழுதேன். அந்தக் குழி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் என்று வருகிறபோது பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அப்புறம் நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல். மூன்றாம் வருஷம் குழந்தைகள், மனநலம், ஊருக்குள் போய்ச் செய்யும் சமூக நலம், மகப்பேறு. கடைசி செமஸ்டர் முழுக்க வார்டுதான். இத்தனையும் எதற்கு? அந்தக் குழியைப் பார்க்க. பார்த்ததும் இதயமா, சிறுநீரகமா என்று யோசிக்க. யோசித்து டாக்டரை எந்த நேரத்தில் எழுப்புவது என்று முடிவெடுக்க.

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். பெரிய வீடு. முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டுத் தோட்டம் வரை ஒரே நேராகத் தெரியும். ஆத்தங்குடித் தரை, பர்மாத் தேக்குத் தூண். அவ்வளவு பெரிய வீட்டில் எண்பது வயது ஆச்சி ஒருவர், கூடப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன குடும்பம், இன்றைக்கு கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கிறது. ஆச்சிக்குச் சர்க்கரை. ராத்திரி 10 யூனிட் இன்சுலின்.

மகன் ஊருக்கு வந்தபோது, அம்மாவுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று அங்கேயிருந்து இன்சுலின் புட்டிகள் வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள புட்டி. நம் ஊர்க் கடையில் அதிகம் கிடைப்பது 40 யூனிட் புட்டி. அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி, 100க்கு உள்ளது ஆரஞ்சு மூடி. பார்த்துக்கொண்ட பெண் பழைய வழக்கப்படி சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தச் சிரிஞ்சில் பத்துக் கோடு என்றால் கால் மில்லி, இந்தப் புட்டியில் அது 25 யூனிட். ரெண்டரை மடங்கு. அந்தப் பெண்ணிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஊசி போடும் கை நல்ல கை. கோட்டைப் பார்த்தார், புட்டியைப் பார்க்கவில்லை. அவருக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விடியற்காலையில் ஆச்சி எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை, பி.எஸ்சி நர்சிங் ரெண்டாம் வருஷம், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். கூப்பிட்டதும் ஓடிப் போனவள் முதலில் நெற்றியைத் தொட்டாள். மார்கழிக் குளிர் இன்னும் விடவில்லை, ஆச்சியின் கழுத்தெல்லாம் வேர்வை. கை சில்லென்று இருக்கிறது. கூப்பிட்டால் முனகுகிறார், விழுங்குகிறார். வீட்டிலிருந்த கருவியில் குத்திப் பார்த்தால் 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்ந்த சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கி உட்கார வைத்து, வாய் வாயாகக் கொடுத்தாள். நினைவில்லாமலோ விழுங்க முடியாமலோ இருந்திருந்தால் வாயில் ஊற்றியிருக்க மாட்டாள், புரை ஏறிவிடும். அதுவும் படிப்புதான். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, குளிர்பெட்டியைத் திறந்து புட்டியையும் குப்பையிலிருந்து சிரிஞ்சையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் அந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஆச்சி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை தாயே. இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

கண் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 500 மில்லி குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் மொத்தம் 10,000 சொட்டு. நாலு மணி நேரம் என்பது 240 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. குழாய் 15 சொட்டுக்காரன் என்றால் அதே மருந்து 31 சொட்டு. உறையில் போட்டிருக்கும், பார்க்க வேண்டும். ஒரு கையில் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி, உதடு அசையாமல் எண்ணுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மூணா நாலா என்பதில்லை. எந்த வார்டில் நிற்க வைப்பார்கள் என்பதுதான். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முகப்பைப் பார்த்து யாராவது வீட்டை மதிப்போமா? ரெண்டாங்கட்டில் அடுப்பு எரிகிறதா என்றுதானே பார்ப்போம். காலேஜுக்கு அடுப்பு அதன் ஆஸ்பத்திரி. சொந்த ஆஸ்பத்திரி 100 படுக்கையாவது இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. போர்டில் நூறு படுக்கை இருக்கும். அதில் ஆள் படுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரசவ வார்டு நடக்கிறதா, பிள்ளைகளை அரசு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறார்களா, கூடவே ஆசிரியை வந்து நிற்கிறாரா என்று கேளுங்கள். விரிப்பில் சுருக்கம் விழாமல் மூலையை மடித்துச் சொருகுவதைப் பொம்மைக் கட்டிலில் படிக்கலாம். அதே சுருக்கம் ஒரு கிழவரின் முதுகில் புண்ணாவதைப் பார்க்க வார்டு வேண்டும். போன வாரம் சொன்னேனே, அதேதான்.

இன்னொன்று, இது என் மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நர்சிங் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை, ஒரு வருஷம் படித்து வெள்ளை உடுப்புப் போட்டுப் படம் எடுத்து வீட்டில் மாட்டியிருந்தாள். பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சான்றிதழை என்னிடம் கொண்டுவந்தாள். அது பதிவுக்கே ஆகாத படிப்பு என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவின் ரெண்டு வளையல் அந்தப் படிப்பில் போயிருந்தது. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: இந்திய நர்சிங் கவுன்சிலும் நம் மாநிலக் குழுமமும் அங்கீகரித்ததா? டிகிரி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, இல்லை நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, மகள் தமிழ் வழியில் படித்தவள், இங்கிலீஷ் வருமா என்றும் கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வரும். முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவாள், ராத்திரி போன் பண்ணி அழுவாள், "வந்துவிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளிடம் இருப்பது வெளியூர்ப் பிள்ளையிடம் இல்லை. நம்ம ஊர்ப் பெரியவர் "மேலுக்கு முடியலை, கிறுகிறுன்னு வருது, நெஞ்சு கரிக்குது" என்று சொன்னால், மூன்றும் மூன்று சங்கதி என்று அவளுக்குப் புரியும். அதைத் தாளில் இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொடுத்துவிடலாம். கேட்கிற காதைக் கற்றுக்கொடுப்பதுதான் எங்களுக்குச் சிரமம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் கட்டிடம் மட்டும்தான் இருக்கும். செவ்வாயோ புதனோ ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நில்லுங்கள். காலேஜ் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்குவார்கள். அதில் மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, "நேற்று யாரைப் பார்த்துக்கொண்டாய் ஆத்தா?" என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.