பக்கத்து ஊரைப் பார்த்தால்தான் நம்ம ஊர் தெரியும்

(காட்சி: ராமேஸ்வரம் ஜெட்டி, விடிகாலை. கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.)

வணக்கம். ஏப்ரல் 15 காலையில் இந்த ஜெட்டிக்கு வந்தால் விசைப்படகு ஒன்றுகூட நகராது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலைகள் வீட்டுக்குப் போய்விட்டன, சில படகுகளில் எஞ்சினையே கழற்றிப் போட்டிருக்கிறார்கள். படகில் பங்குக்குப் போகிற இருபது வயதுப் பையன் ஒருவன் இங்கே நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் 'தொழிலுக்குப் போறான்' என்றால் கடலுக்குப் போகிறான் என்றுதான் அர்த்தம். இப்போது தொழில் இல்லை. சரி, இவனுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்வியையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் உண்டு. தொழிலாளர் பொருளாதார ஆய்வாளர்கள். அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை நம்ம கடற்கரையில் நின்றே பார்க்கலாம்.

முதலில் எண்ணிக்கை. இந்தியாவில் 2017-18 முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ஒரு அளவுகோல் கடந்த 365 நாளைப் பார்க்கும், இன்னொன்று கடந்த 7 நாளை மட்டும். அந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், வேலையில் இருப்பவர் கணக்கில் வந்துவிடுவார். நம்ம பையன் செவ்வாய்க்கிழமை ஒரு நாட்டுப்படகுக்காரருக்கு வலை சரிபண்ணிக் கொடுத்து 200 ரூபாய் வாங்கியிருந்தால் அந்த வாரத்துக்கு அவனுக்கு வேலை உண்டு. ஒரு வேலையும் செய்யாமல், தேடவும் இல்லாமல், கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று படுத்திருந்தால்? அவன் வேலையில்லாதவன் பட்டியலிலும் சேரமாட்டான். உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்பவன். எனக்கே இது முதலில் படித்தபோது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் 'இளைஞர் வேலையின்மை இத்தனை சதவீதம்' என்று செய்தி வந்தால், எந்த அளவுகோல், எந்த வயது என்று கேளுங்கள். இந்தக் கணக்கெடுப்பில் இளைஞர் என்றால் 15 முதல் 29 வரை.

எண்ணுவது பாதி வேலை. ஏன் என்று சொல்வதுதான் கஷ்டம். இதற்கு நான் காட்டப்போகும் ஆய்வாளர் டேவிட் கார்டு. கனடாவில் ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர். குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, 1983-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், அங்கேயே பல வருடம் ஆசிரியர் வேலை, 1997 முதல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம்.

(காட்சி: இரண்டு மாநிலங்களின் வரைபடம், நடுவில் ஒரு ஆறு.)

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. கூலியைக் கூட்டினால் முதலாளி ஆளைக் குறைப்பார், அதிலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வேலை போகும் என்பது பாடப்புத்தகம் சொன்னது. கார்டும் அவருடைய நண்பர் ஆலன் க்ரூகரும் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளைப் பிடித்தார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் வேலை பார்க்கும் இடம் அதுதானே. மொத்தம் 410 கடைகள். கூலி ஏறுவதற்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே? நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வருடம் நாடே மந்தத்தில் இருந்தது. அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிழக்குப் பென்சில்வேனியாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயும் அதே மாதிரிக் கடை, அதே வியாபாரம், கூலி மட்டும் ஏறவில்லை. பக்கத்து ஊரோடு ஒப்பிட்டதில் வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. 1994-ல் கட்டுரை வெளியானதும் பெரிய சண்டை. அவர்கள் சேகரித்த தரவு சரியில்லை என்று எதிர்க்கட்டுரை வந்தது, இவர்கள் அரசுத் தரவை எடுத்துப் பதில் எழுதினார்கள். குறைந்தபட்சக் கூலி ஆய்விலிருந்து கார்டு பிறகு விலகியே போய்விட்டார். நிறைய நண்பர்களை அதனால் இழந்தேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2021-ல் பொருளாதார நோபல் பரிசில் பாதி கார்டுக்கு வந்தது. க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது.

நம்ம கரைக்காரர்களுக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வும் அவருடையது. 1980-ல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். மயாமி நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரே மூச்சில் 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர்களின் கூலி விழுந்ததா? பெரிதாக இல்லை என்றார் கார்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு விழுந்தது என்று பல வருடம் கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளாதார ஆய்வாளர் வாதாடினார். அவரே கியூபாவில் பிறந்தவர். இலங்கை அகதிகளின் மண்டபம் முகாமைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

இப்போது திரும்ப நம்ம ஜெட்டி. தடைக்காலம் முன்பு 45 நாள்தான். 2017-ல் 61 ஆனது. கூடிய 16 நாள் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளை என்ன செய்தது? மே, ஜூன் என்பது கல்லூரிக்குப் பணம் கட்டும் நேரம். படிப்பை விட்டவர்கள் கூடினார்களா? இதை ஆராய வேண்டுமானால் ஒப்பிட ஒரு பக்கத்து ஊர் வேண்டும்.

நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அந்தக் குடும்பங்களோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விசைப்படகு நின்றால் மீன் வரத்து குறையும், விலை ஏறும், நாட்டுப்படகுக்காரருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும். அவர்களும் தடையால் மாறிவிட்டவர்கள்தான். அவர்களோடு ஒப்பிட்டால் நஷ்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படியானால் கன்னியாகுமரியின் மேற்குக் கரை? அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாம் கட்டிப்போட்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள். நல்ல ஜோடி போலத்தான் தெரியும். ஆனால் ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையிலும் படகு நிற்கும். போதாததற்கு, இங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துப் படகுகளுக்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இப்படித்தான் ஆய்வாளருக்கு வருடங்கள் ஓடும். கணக்கு போடுவதைவிட, யாரோடு ஒப்பிடுவது என்ற யோசனைக்குத்தான் அதிக நேரம்.

(காட்சி: பழைய கிராமத் தெரு, கறுப்பு வெள்ளை.)

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களைத் தங்கள் சொந்த ஊர்களைக் கணக்கெடுக்க வைத்தார். அதில் வடமலைபுரம் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர், இன்று விருதுநகரில் இருக்கிறது. அந்த ஊர்களில் சிலவற்றை 1930-களில் தொடங்கிப் பல முறை திரும்பப் போய் அளந்திருக்கிறார்கள். அந்த ஊருக்கே அன்றைய ஊர்தான் ஒப்பீடு.

கடைசியாக, இளைஞர் பயிற்சி. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-ல் தொடங்கியது, மத்திய அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. பயிற்சியால் வேலை கிடைக்குமா? கார்டு வேறு இருவரோடு சேர்ந்து, பயிற்சி போன்ற வேலைவாய்ப்புத் திட்டங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த 200-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2018-ல் எழுதினார். முதல் வருடத்தில் சராசரிப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு, மூன்று வருடம் போனால்தான் தெரிய ஆரம்பிக்கிறது. பெண்களுக்கும் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கும் பலன் அதிகம், இளைஞர்களுக்குக் குறைவு. பயிற்சி முடிந்த மூன்றாவது மாதமே வெற்றி என்று போர்டு வைப்பதும், தோல்வி என்று மூடுவதும் இரண்டுமே அவசரம்.

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம மாவட்டத்தில் ஒரு பயிற்சி மையத்தின் வாசலில் 'நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை' என்று எழுதியிருந்தது. உள்ளே போய் ஒரு அண்ணனிடம், "விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காதவங்களும் இருப்பாங்களே, அவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேராதவங்க கணக்கை நாங்க எதுக்குத் தம்பி எழுதணும்?"