கண்ணுக்குள் ஒரு புள்ளிக் கோலம்

[காட்சி: இரவு. மதுரை வண்டியூர் தெப்பக்குளக் கரை. தூரத்தில் மைய மண்டப விளக்கு.]

கண்ணாடி போடுகிறவரா? கழற்றிவிடுங்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் குண்டூசியால் இரண்டு ஓட்டை போடுங்கள். நடுவே 2 மி.மீ. இடைவெளி போதும். கண்மணியின், அதாவது கண்ணுக்குள் ஒளி நுழையும் கறுப்பு ஓட்டையின் அகலத்தைத் தாண்டினால் வேலைக்கு ஆகாது. இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை இன்னொரு கண்ணோடு ஒட்டிவைத்து அந்த விளக்கைப் பாருங்கள்.

[காட்சி: ஒரு விளக்கு இரண்டாகிறது.]

இரண்டு விளக்கு தெரிகிறதா? அப்படியானால் இரண்டு ஓட்டை வழியாக வந்த ஒளியும் விழித்திரையில் ஒரே இடத்தில் சேரவில்லை. வலது ஓட்டையை விரலால் மூடுங்கள். வலது விளக்கு மறைந்தால் கிட்டப்பார்வை. இடது விளக்கு மறைந்தால் தூரப்பார்வை. 1619-லேயே கிறிஸ்டோப் ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார் எழுதி வைத்த சோதனை இது. செலவு ஒரு குண்டூசி!

சரி, இரண்டு ஓட்டைக்குப் பதில் நூறு ஓட்டை போட்டால்?

1900 வாக்கில் யோகன்னஸ் ஹார்ட்மன் அதைத்தான் செய்தார். ஆனால் கண்ணுக்கு அல்ல, தொலைநோக்கியைச் சோதிக்க. 1971-இல் ரோலண்ட் ஷாக்கும் பென் பிளாட்டும் ஓட்டைகள் இருந்த இடத்தில் பொடிப்பொடி லென்சுகளை வைத்தார்கள். அது மனிதக் கண்ணுக்கு வந்து சேர 1994 ஆகிவிட்டது.

[காட்சி: ஈரமான வாசல். ஒரு கை புள்ளி வைக்கிறது.]

மெல்லிய அகச்சிவப்புக் கதிர் ஒன்றைக் கண்ணுக்குள் விடுவார்கள். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி, கருவிழியும் (கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம்) உள்ளே இருக்கும் லென்சும் செய்த கோணலையெல்லாம் சுமந்துகொண்டு வெளியே வரும். பொடி லென்சுகள் அதைக் கேமராவில் புள்ளிகளாக இறக்கும். குறையே இல்லாத கண் என்றால், பாட்டி வைத்த புள்ளி மாதிரி வரிசை பிசகாது. நம் கண்ணிலோ, கோலத்துக்குள் ஆடு புகுந்த கதை! ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து, ஒளி எங்கே எவ்வளவு சாய்ந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

'எனக்குத்தான் 6/6 இருக்கிறதே' என்பீர்கள். அது 6 மீட்டரில் ஏறக்குறைய 9 மி.மீ. உயர எழுத்தைப் படித்ததற்கான மார்க். அந்த எழுத்தைச் சுற்றி ஒரு நிழல் படிந்திருந்ததா என்று அது சொல்லாது. கிட்டம், தூரம், சிலிண்டர் பவர், இவற்றைக் கண்ணாடி சரிசெய்யும். கோமா (ஒளிப்புள்ளி வால் முளைத்த மாதிரி இழுபடுவது), கோளப்பிழை (ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாதது) போன்றவை சாதாரணக் கண்ணாடிக்கு அடங்காது.

1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. 1992 முதல் அரோலேப் இங்கே கண்ணுக்குள் வைக்கும் லென்சு செய்கிறது. புரை எடுத்து வைக்கும் லென்சின் வளைவைக் கொஞ்சம் மாற்றினால், கருவிழியின் கோளப்பிழையை ஈடுகட்டலாம். ஆனால் பிழை எவ்வளவு என்று முதலில் அளந்தாக வேண்டும்.

[காட்சி: எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட். சுற்றிலும் கதிர்கள்.]

இரவில் கண்மணி விரியும். அதன் விட்டம் 3 மி.மீ.யிலிருந்து 6 ஆனால் கோளப்பிழை 16 மடங்கு. பகலில் சுகமாக ஓட்டிய மேலூர் ரோட்டில் ராத்திரி கண் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. பிழை இத்தனை மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், எத்தனை மி.மீ. கண்மணிக்கு என்று போடவில்லை. அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்ய? உங்களுக்கு அளந்தால், அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.