செப்டம்பரில் உலக நாவல்கள்: டெல்டா வாசகர் எங்கிருந்து தொடங்கலாம்?

[காட்சி: குறுவை அறுவடை நடக்கும் வயல். பக்கத்து வயலில் சம்பா நாற்றங்கால்.]

வணக்கம். செப்டம்பர் 30 சர்வதேச மொழிபெயர்ப்பு நாள். பைபிளை லத்தீனில் தந்த புனித ஜெரோமின் நினைவு நாள் அது. 2017இல் ஐ.நா. பொதுச்சபையும் அதை அறிவித்தது. அதையொட்டி அந்த மாதம் முழுக்க வேற்றுமொழிக் கதைகளைப் படிக்கிறவர்கள் உண்டு. நாமும் படிக்கலாம். எங்கிருந்து தொடங்குவது?

வாரத்துக்கு ஒரு கண்டம் என்று பட்டியல் போட வேண்டாம் என்பேன். நம் ஊர்க்காரர்கள் மொழிபெயர்த்த நாவல்களிலிருந்து தொடங்குவோம். காவிரிக் கரைக்காரர்கள் எதைத் தேடிப்பிடித்துத் தமிழில் தந்தார்கள் என்று பார்ப்பதே ஒரு நல்ல வழி.

[காட்சி: வலங்கைமான் கடைத்தெரு.]

க.நா. சுப்ரமண்யம் 1912இல் வலங்கைமானில் பிறந்தவர். நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சுனின் நாவலை ஆங்கிலம் வழியாக ‘நிலவளம்’ என்று தமிழாக்கினார். மூலம் 1917இல் வந்தது. ஹாம்சுனுக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த நாவலுக்காகத்தான்.

ஆள் அரவமற்ற காட்டுக்கு ஐசக் தனியாக நடந்து வருகிறான். நிலத்தைத் திருத்துகிறான், குடிசை போடுகிறான். இங்கர் வந்து சேர்கிறாள். அவளுக்குப் பிளந்த உதடு. அதே உதட்டோடு ஒரு பெண் குழந்தை பிறந்ததும், தான் பட்டதை அதுவும் பட வேண்டாம் என்று தன் கையாலேயே கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை.

டெல்டா வாசகர் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மழை பொய்த்த ஒரு கோடை. பயிர் காய்கிறது. அங்கே வரும் கெய்ஸ்லர் என்ற முன்னாள் அதிகாரி, ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி நிலத்துக்குத் திருப்ப வழி காட்டுகிறார். மேட்டூர் திறந்தாச்சா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பகுதியை யாரும் விளக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாம்சுன் பிற்காலத்தில் நாஜிகளை ஆதரித்தவர். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

[காட்சி: மன்னார்குடி சாலை, மாலை நேரம்.]

அடுத்தவர் தி. ஜானகிராமன். மன்னார்குடிப் பக்கம் தேவங்குடிக்காரர். இத்தாலியின் சார்டினியா தீவைச் சேர்ந்த கிரேசியா டெலடாவின் நாவலை ‘அன்னை’ என்று மொழிபெயர்த்தார். டெலடா 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். காற்று வீசும் ஓர் இரவு. பாதிரியாராக இருக்கும் மகன் சத்தம் காட்டாமல் வெளியே கிளம்புவதை அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்கிறாள். அவன் பின்னாலேயே போகிறாள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ‘அம்மா வந்தாள்’ எழுதியவர் இந்தக் கதையைத் தொட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சின்ன நாவல்தான், இரண்டே மூச்சில் முடித்துவிடலாம்.

அப்புறம் ரஷ்ய நாவல்கள். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக மலிவு விலையில் வந்தவை. கீழத்தஞ்சையில் பழைய தோழர்களின் வீட்டு அலமாரியில் கேட்டுப் பாருங்கள். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ கிடைத்தால் விடாதீர்கள்.

[காட்சி: வெடித்துக் கிடக்கும் வயல்.]

மாதத்தின் கடைசி வாரத்தை ஒரே நாவலுக்கு ஒதுக்கச் சொல்வேன். நைஜீரியாவின் சினுவா ஆச்சிபி 1958இல் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் ‘சிதைவுகள்’, மொழிபெயர்ப்பு என்.கே. மகாலிங்கம். வெள்ளையர் ஆட்சியும் மதமும் இக்போ இனத்தாரின் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து அதை உடைக்கும் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதற்கு முன்னால் அது ஒரு சாகுபடிக்காரனின் கதை.

ஒக்கொங்வோவுக்கு அப்பன் சொத்து என்று எதுவும் இல்லை. பெரிய குடியானவர் ஒருவரிடம் 800 விதை வள்ளிக்கிழங்கை, விளைச்சலில் பங்கு தருவதாகச் சொல்லி வாங்குகிறான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்கு. அந்த ஆண்டு மழை தாமதமாக வந்து, சட்டென்று நின்றுபோகிறது. முதலில் நட்ட 400 கிழங்கும் வெயிலில் வேகின்றன. கற்றாழை மடல்களை வளையமாக வைத்து மண்ணின் சூட்டிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறான். மாலைக்குள் மடல்கள் கருகிவிடும். தினமும் மாற்றுகிறான். பிறகு மழை வருகிறது, நிற்காமல் கொட்டி மிச்சத்தையும் அழிக்கிறது. ஊரில் ஒருவர் மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார்.

வறட்சியில் கருகிய சம்பாவையும், தண்ணீரில் சாய்ந்து கிடந்த கதிரையும் பார்த்தவர்கள் நாம். ஆச்சிபியை உலகம் எத்தனையோ விதமாகப் படிக்கிறது. குத்தகை நிலத்தில் கடன் வாங்கி நட்டவர் படிக்கும்போது கிடைக்கும் வாசிப்பும் அதில் சேர வேண்டும் என்று உளமார நினைக்கிறேன்.

[காட்சி: நூலக அலமாரி, புத்தக முதுகுகள்.]

இந்தப் புத்தகங்களுக்கு முதலில் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்ட மைய நூலகங்களில் பாருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே நாவலைப் பலர் மொழிபெயர்த்திருப்பார்கள், சுருக்கப் பதிப்புகளும் உண்டு. பெயர் சொல்லிக் கேட்டால்தான் முழு நாவல் கைக்கு வரும்.