வீட்டுப் பாடமும் ஊர் நூலகமும்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, நகரத்தார் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, மேடைக்கு வர மறுத்துத் தூணோரம் உட்கார்ந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, பந்தலும் மைக்செட்டும் போட்டுக்கொடுத்துவிட்டுத் தம் பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்ட பெரியவர் அவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பந்தியில் விடமாட்டோம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கலாமா? நன்மை, ஆபத்து, சட்டம் மூன்றையும் பேசச் சொன்னார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் அடிக்கடி சொல்வதுதான். எங்கள் பங்காளி வீட்டில் எட்டு வயதுப் பையன். அவன் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சென்னைக் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். பையனுக்குப் பாடமும் வீட்டில்தான். லேப்டாப்பில் பின்னம் நடத்துகிறார். பையன் கொட்டாவி விடுகிறான். அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்க வாடா, வெள்ளைப் பணியாரத்துக்கு அளந்து போடு" என்றார். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இவன் விடுவானா? "கோபுரம்னா எவ்வளவு அப்பத்தா?" உளுந்தைத் தனியே வழித்தெடுத்துச் சின்னக் கரண்டியால் அளந்தான். அரிசியையும் அதே கரண்டியால் எண்ணினான். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினான். பதினொரு மணிவரை ஊறப்போடவே இல்லை. அன்றைக்குப் பணியாரம் கிடையாது, உப்புமாதான். ஆனால் பின்னம் வந்துவிட்டது!

அதே பையனிடம் ஒரு கல்யாண வீட்டில் அம்மான் கேட்டார்: "வகுப்பில் நீ எத்தனாவது ரேங்க்?" "முதல் ரேங்க்." "கடைசி யாரு?" "அதுவும் நான்தான்."

வளவே, அதாவது வீட்டு முற்றத்தில் இருந்த அத்தனை பேரும், சிரித்தது. அவனுடைய ஆத்தா சிரிக்கவில்லை. "சண்டைபோடக்கூட அவனுக்கு ஆளில்லை, அண்ணே" என்றார். அவர் தம் வேலையை விட்டவர். இப்படிப்பட்ட வீடுகளில் வேலையை விடுவது பெரும்பாலும் ஆத்தாதான். இதை எந்த அப்பச்சியும் நன்மை-தீமைக் கணக்கில் எழுதுவதில்லை. பள்ளியிலோ எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறது. நம் வளவுக்குள் அது நடக்குமா?

சட்டம். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பேசுகிறது. வீட்டுக்கல்வி பற்றி வெளிப்படையாக ஒன்றுமில்லை. 14 நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். மீதியை வக்கீல் ஐயா சொல்வார். நான் என் விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், நூலகம்தான்!

வீட்டில் படித்தாலும் பள்ளியில் படித்தாலும் பிள்ளை கைக்குப் புத்தகம் வேண்டாமா? பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. நம் ஊரிலோ பள்ளி விடும் நேரத்துக்கு நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கும் சேர்த்துத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான், ஏடாவது கண்ணில் படட்டுமே!

மாலை நாலிலிருந்து எட்டுவரை நூலகத்தைத் திறந்துவைக்கக் கேட்டு மனு எழுதி முகப்பில் வைத்திருக்கிறேன். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. காபிக்குப் போகிற வழிதான்.