சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு மரம்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட மருத்துவர் அம்மையார் அவர்களே, பொன்னாடை பெற்ற ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அது மறதிதான், மரியாதைக் குறைவு இல்லை. கல்வி அதிகாரி அவர்களுக்கு இன்னொரு வணக்கமும் வைக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

இயற்கைக்கும் நம் தட்டுக்கும் உள்ள உறவைக் கண், காது, மூக்கு என்று மூன்றாகப் பிரித்துப் பேசப் போகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும். இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் கண். பாரிஸில் சிலரை 20 நிமிடம் பூங்காவில் நடக்கவிட்டார்கள், வேறு சிலரைத் தெருக்களில். பிறகு இரு தரப்பையும் தின்பண்ட மேசைக்கு அழைத்து வந்தார்கள். பூங்காவில் நடந்தவர்கள் உடம்புக்கு நல்லதை அதிகம் எடுத்தார்கள். நடக்கக்கூட வேண்டாம், ஜன்னல் வழியாகப் பசுமை தெரியும் படத்தைப் பார்த்தாலே தேர்வு மாறுகிறது என்கிறது 2024ல் வெளியான அந்த ஆய்வு. 1984லேயே ரோஜர் உல்ரிச் என்பவர், ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக எழுதினார். மருத்துவர் அம்மையார் தலையசைக்கிறார்கள், நன்றி.

அடுத்தது காது. விமானத்தில் கேட்பது போன்ற பேரிரைச்சலில் இனிப்பு மங்கி, உமாமி என்கிற, தக்காளி, காளானில் இருப்பது போன்ற சுவை தூக்கலாகத் தெரிகிறது என்று 2015ல் ஓர் ஆய்வு வந்தது. இரைச்சலே நாக்கில் கைவைக்கிறது என்றால், இலைச் சலசலப்பு சும்மா இருக்குமா? இது ஆய்வில் இல்லை, என் கேள்வி.

சரி, ஒரு கதை சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மதியச் சாப்பாடு பின்கட்டில், பெரிய மரத்தடியில். எறும்பு வரும், காக்கை வரும். நாகரிகமாக இருக்கட்டும் என்று நிர்வாகம் எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்கு மாற்றியது. ஏசி, பளபள மேசை, சுவரில் அருவிப் படம். அந்த அருவியில் தண்ணீர் மட்டும்தான் வரவில்லை! ஒரே வாரத்தில் புகார்ப் புத்தகம் நிரம்பியது. உப்பு இல்லை என்றார்கள், சமையல்காரர் கூட்டினார். கரிக்கிறது என்றார்கள், குறைத்தார். சப்பென்று இருக்கிறது என்றார்கள். அதே அடுப்பு, அதே கை. என் நண்பர் அவரிடமே போய், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா அண்ணே?" என்று விசாரித்துவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் மின்சாரம் போனது. புழுக்கம், இருட்டு. தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பழைய மரத்தடிக்கு ஓடினோம். மேலாளரே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் சமையல்காரரைக் கூப்பிட்டார். "இன்றைக்குத்தான் பழைய கைப்பக்குவம் வந்திருக்கிறது. என்ன செய்தீர்கள்?" அவர் வெலவெலத்துப்போய், "ஐயா, நேற்று செய்தது போலத்தான் செய்தேன். சத்தியமாக, மெயின் ஸ்விட்சை நான் தொடவே இல்லை!" என்றார்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். எங்களுக்கு மின்வெட்டில் தெரிந்தது.

இங்கேதான் கல்வி அதிகாரி அவர்களிடம் வருகிறேன். பிள்ளைகள் காய்கறியை ஒதுக்குகிறார்கள் என்று ஓயாமல் குறைப்படுகிறோம். எங்கே உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறோம் என்று பார்த்தோமா? நான்கு சுவர், எதிரொலி, சீக்கிரம் சீக்கிரம் என்று ஒரு மணி. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் முதலில் வெட்டப்படுவது பள்ளி மரம்தான். மரத்தடியில் உட்கார்ந்த அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளும் தட்டைக் காலி செய்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பருவம் மட்டும் மழையில்லாத நாட்களில் மதிய உணவை வெளியே வைத்துப் பாருங்கள் என்கிறேன். புதுக் கட்டடம் கட்டினால் சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல் மரத்தைப் பார்த்து இருக்கட்டும். மரம் இல்லையா, அஸ்திவாரம் தோண்டும் அன்றே கன்றையும் நட்டுவிடுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூக்கைப் பற்றிப் பேச நேரமில்லை, அழைத்தால் இன்னொரு நாள் வருகிறேன். இந்தக் கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள். பேனாவும் வைத்திருக்கிறேன், அதை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.