‘கேரக்டரைக் கெடுத்துட்டாங்க’ன்னு எப்போ சொல்லலாம்?

கேள்வி: ஒரு தொடர் முடிஞ்சதும் ‘கேரக்டரையே கெடுத்துட்டாங்க’ன்னு ரசிகர்கள் சண்டைக்கு வர்றாங்க. அது உண்மையிலேயே கதையோட குறையா, இல்ல நாம ஆசைப்பட்டது நடக்கலைங்கிற கோபமா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது? ரசிகர்கள் சொல்றாங்கன்னு எழுதறவங்க மாத்தணுமா?

பதில்: ரெண்டு கேள்வியாக் கேட்டுட்டீங்க. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். ரசிகருக்கு வலிக்குதுன்னா அந்த வலி நிஜம்தான். ஆனா எங்க வலிக்குதுன்னு அவர் கை காட்டற இடம் பல நேரம் தப்பா இருக்கும். கடைசி எபிசோடைப் போட்டுத் திட்டுவாங்க. குறை அதுக்கு ரொம்ப முன்னாடி, எழுதாமலே விட்டுட்ட ஒரு காட்சியில இருக்கும்.

எல்லாரும் சொல்ற உதாரணத்தையே எடுத்துக்கறேன், கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கிற ஆங்கில டிவி தொடர். பார்க்காதவங்க ஒரு ரெண்டு நிமிஷம் தள்ளிப் போயிடுங்க, கதையைச் சொல்லிடுவேன். 2019-ல கடைசி சீசன் வந்தப்போ, அதைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆன்லைன்ல ஒரு மனு போட்டாங்க. 15 லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. பெரிய கோபம், சிம்மாசனத்துக்காகப் போராடற டிராகன் ராணி டெனேரிஸ் விஷயத்துல. சரணடைஞ்சதுக்கு அடையாளமா மணி அடிச்ச பிறகும் அவ தலைநகரத்தையே டிராகனை விட்டுக் கொளுத்தினா. ‘அவ அப்படிச் செய்யவே மாட்டா’ன்னு ஒரு கூட்டம். ‘மொதல்லேர்ந்தே அவ அப்படித்தான், நீங்கதான் கவனிக்கலை’ன்னு இன்னொரு கூட்டம். மீரீன்ங்கிற நகரத்துல அடிமைகளோட எஜமானர்களைச் சிலுவையில அறைஞ்சதையும், போர்ல தோத்துப்போன டார்லி குடும்பத்து அப்பாவையும் பிள்ளையையும் எரிச்சதையும் இவங்க எடுத்துக் காட்டுவாங்க.

இந்த ரெண்டாவது கூட்டம் பேசறதைக் கேட்டா சரின்னுதான் தோணும். ஆனா நாலாவது சீசனோட கடைசி எபிசோடை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரு அப்பா தன் சின்னப் பொண்ணோட கருகின எலும்பைக் கொண்டு வந்து டெனேரிஸ் முன்னாடி வைப்பார். டிராகன் எரிச்ச குழந்தை அது. அந்த ஒரு குழந்தைக்காக, தான் பெத்த பிள்ளைங்க மாதிரி வளர்த்த ரெண்டு டிராகனைத் தன் கையாலேயே சங்கிலி போட்டுப் பாதாள அறையில அடைப்பா. மூணாவது டிராகன் அகப்படலை, அதனால தப்பிச்சுது. அங்கேர்ந்து ஒரு நகரத்தையே கொளுத்தற இடத்துக்கு அவ வரமுடியாதா? தாராளமா வரலாம். நண்பர்கள் சாகறாங்க, ஒரு டிராகன் போகுது, கூட இருந்தவரே துரோகம் பண்றார். காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையும் கடைசி மூணு நாலு எபிசோடுக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க, அதுதான் பிரச்சினை. முதல் ஆறு சீசன்ல தலா பத்து எபிசோடு. ஏழாவதுல ஏழு, எட்டாவதுல ஆறே ஆறு. முன்கூட்டி ஒரு குறிப்புக் குடுக்கறது வேற, ஒரு மனுஷி நம்ம கண்ணு முன்னாடி மாறறதைக் காட்டறது வேற. குறிப்பு நிறையவே குடுத்தாங்க, மாறறதைக் காட்ட நேரம் ஒதுக்கலை.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, மூலக் கதை எழுதின ஜார்ஜ் மார்ட்டினோட அஞ்சாவது புத்தகம் 2011-ல வந்தது. தொடர் அந்தப் புத்தகங்களைத் தாண்டி ஓடிடுச்சு. போய்ச் சேர வேண்டிய இடத்தை அவர் சொல்லியிருந்தார், வழி மட்டும் எழுதப்படலை. புத்தகத்துல ஒவ்வொரு அத்தியாயமும் ஒருத்தரோட மனசுக்குள்ள இருந்து போகும். திரையில அந்த வசதி கிடையாது. உள்ள நடக்கறதை வெளியில ஒரு செய்கையாக் காட்டணும், அதுக்குக் காட்சி வேணும்.

ஊரைக் கொளுத்தின அதே எபிசோடுல வர்ற ஜெய்மிங்கிற வீரனோட விஷயம் வேற ரகம். அவனுக்கு ‘ராஜாவைக் கொன்னவன்’னு பட்டப்பேரு. மூணாவது சீசன்ல, குளியல் அறையில பிரியென்ங்கிற வீராங்கனைகிட்ட ஏன் கொன்னேன்னு சொல்லுவான். அந்த ராஜா ஊரையே எரிக்கப் பார்த்தான், லட்சக்கணக்கான ஜனங்களைக் காப்பாத்தத்தான் கொன்னேன்னு. அந்த ஒரு காட்சிக்கு அப்புறம்தான் நாம எல்லாரும் அவன் கட்சிக்கு மாறினோம். கடைசியில அவனே, அந்த ஊர் ஜனங்களைப் பத்தி எனக்கு எப்பவும் அக்கறை கிடையாதுன்னு தம்பிகிட்டச் சொல்றான். டெனேரிஸ்க்கு வழி போதலை. இங்க ஏற்கனவே போட்ட வழியையே அழிச்சுட்டாங்க. அவன் பழைய காதலிகிட்டத் திரும்பிப் போறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, மனுஷங்க போவாங்க. அந்த ஒரு வசனத்தைத்தான் என்னால மன்னிக்க முடியலை. இந்த இடத்துல ரசிகர் கோபம் நூத்துக்கு நூறு நியாயம்.

இதுக்கும் தகவல் பிழைக்கும் முடிச்சுப் போடாதீங்க. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகள்ல, அவரோட நண்பர் வாட்சனுக்குப் பட்ட துப்பாக்கிக் காயம் முதல் நாவல்ல தோள்ல இருக்கும், ரெண்டாவதுல காலுக்கு வந்துடும். ஒரு கதையில அவரோட மனைவியே ஜான் வாட்சனை ஜேம்ஸ்னு கூப்பிடுவாங்க! யாராவது புத்தகத்தைத் தூக்கிப் போட்டாங்களா? ரசிகர்கள் அதுக்கும் விளக்கம் கண்டுபிடிச்சு விளையாடிட்டிருக்காங்க. 1893-ல ஹோம்ஸ் அருவியில விழுந்து செத்ததா எழுதினாரு, அந்தக் கதைகளோட ஆசிரியர் கானன் டாயில். 1903-ல உயிரோட கொண்டு வந்தப்போ சொன்ன காரணம், ஜப்பானிய மல்யுத்தம் தெரிஞ்சதால அவர் விழவே இல்லைங்கறது. ரொம்ப ஓட்டைக் காரணம். ஜனங்க கொண்டாடினாங்க. ஏன்னா திரும்பி வந்தவர் அதே ஹோம்ஸ். என்னைக் கேட்டா அந்தக் கதையில நிஜமான நெருடல் வேற. மூணு வருஷம் வாட்சனை துக்கத்துல விட்டுட்டு, அண்ணனுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பார். வாட்சன் மயக்கம் போட்டு விழுவார், எழுந்ததும் மன்னிச்சுடுவார். ஒரு கோபம், ஒரு வார்த்தை கிடையாது. அங்க வாட்சனுக்கு ஒரு காட்சி பாக்கி இருக்கு.

நீங்க கேட்ட ‘நாம ஆசைப்பட்டது நடக்கலை’ங்கிற கோபமும் உண்டு. அதுக்கு பிரேக்கிங் பேட் தொடர்ல வர்ற ஸ்கைலரைப் பார்க்கலாம். புருஷன் போதைப்பொருள் காய்ச்சறான், பொய் சொல்றான், குடும்பத்தை ஆபத்துல மாட்டிவிடறான். அதைத் தட்டிக் கேட்டதுக்காக அந்தப் பொம்பளையை ஒரு கூட்டம் வெறுத்துச்சு. எந்த அளவுக்குன்னா, அந்த வேஷம் போட்ட நடிகை அன்னா கன் 2013-ல நியூயார்க் டைம்ஸ்ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இங்க பாத்திரத்துல முரண் எதுவும் இல்லை. கதை அவ புருஷன் வால்டரோட தோள்மேல உட்கார்ந்து போகுது, நாமளும் அவன் கூடவே உட்கார்ந்திருக்கோம். குறுக்கே வர்றவங்க எல்லாம் எரிச்சலாத்தான் தெரிவாங்க. ஆனா ரசிகரை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரலை. ஆரம்ப எபிசோடுகள்ல அவளுக்குன்னு தனியா ஒரு ஆசை, ஒரு வேலை, ஒரு ரகசியம் எதுவுமே பெருசாக் குடுக்கலை. கேள்வி கேட்கறது மட்டுமே அவ வேலையா இருந்தது. பின்னால அதைச் சரி பண்ணினாங்க, அதுக்குள்ள வெறுப்பு ஊறிப் போச்சு.

‘நாவல்ல இருக்கற மாதிரி இல்லை’ங்கிறதையும் குறைன்னே எண்ணிக்கறோம். பொன்னியின் செல்வன் நாவல்ல சிம்மாசனத்துக்கு ஆசைப்படற மதுராந்தகன் ஒருத்தன், கடைசியில உத்தம சோழனா முடிசூடற சேந்தன் அமுதன் இன்னொருத்தன். குழந்தை மாறின அந்த முடிச்சையே படத்துல எடுத்துட்டாங்க. ஆசைப்பட்டவனுக்கே கிரீடம் போகுது. எடுத்தது தப்பில்லை. ஆனா எடுத்த உடனே ஒரு கடன் வந்துடுது. அத்தனை சூழ்ச்சி பண்ணினவன் கையில நாட்டைக் குடுக்கலாம்னு நமக்கு எப்போ தோணணும்? அந்த மனமாற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்ங்கிறது என் கட்சி.

ஆக, வீட்டுல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. முடிவு தெரிஞ்ச பிறகு அதே கதையைத் திரும்பப் பாருங்க. நடுவுல எந்த இடத்துல ஒரு காட்சி இருந்திருந்தா இதை ஏத்துக்கிட்டிருப்பேன்னு யோசிங்க. இடம் அகப்பட்டா அது கதையோட குறை. எத்தனை காட்சி சேர்த்தாலும் ஏத்துக்க மாட்டேன்னு மனசு அடம் பிடிச்சா, அங்க உங்க ஆசைதான் பேசுது.

ரெண்டாவது கேள்வி. மாத்தணுமான்னா, முடிஞ்ச கதையை மாத்தச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா பதில் சொல்லலாம். கல்கி அதைச் செஞ்சார். பொன்னியின் செல்வன் 1950-லேர்ந்து 54 வரைக்கும் வாராவாரம் வந்த தொடர். முடிச்ச விதம் திருப்தியா இல்லைன்னு வாசகர்கள் சொன்னதும், தனியா ஒரு முடிவுரை எழுதி அப்புறம் யார் யாருக்கு என்ன ஆச்சுன்னு சொன்னார். கதையில கை வைக்கலை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருங்கிற சண்டையை வாசகர்கள் இன்னிக்கும் போட்டுட்டிருக்காங்க. சோழர் காலத்து உடையார்குடி கல்வெட்டுல கொன்னவங்கள்ல ஒருத்தனா ரவிதாசன் பேரே இருக்கேன்னு ஒருத்தர் வருவார், நாவல்ல அப்படியில்லையேன்னு இன்னொருத்தர் வருவார். அந்த மர்மத்தைக் குறைன்னு நான் சொல்லமாட்டேன். தெரிஞ்சேதான் திறந்து வெச்சிருக்கார்.

சரி, அடுத்த கேள்வியைப் படிங்க.